லண்டனுக்குப் போகாத தம்பி

கதவை யாரோ கையால் அடித்தார்கள். பக்கத்திலேயே அழைப்பு மணி இருந்தது. ஆனாலும் அடித்தார்கள். மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன.

பலகாரத் தட்டோடு வந்த சாருகா, சேலையில் கால் தடுக்க அப்படியே நின்றாள். சோபாவில் இருந்த இரத்தினவேலின் கையில் கடித்த வடை இருந்தது. அவர் மனைவி புஷ்பமலர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கீழ் வீட்டு மனுசியாய் இருக்கும். சத்தம் கேட்டால் அவவுக்குப் பிடிக்காது," என்று சொல்லிக்கொண்டே சாருகாவின் அம்மா கிருஷ்ணகுமாரி கதவுப் பக்கம் போனார்.

அந்த வீட்டில் அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் இரத்தினவேல் ஒருவர்தான். தமிழ்ச் சங்கத் தலைவர். ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் இருப்பதாக நினைத்தே பேசுவார். தன் இளைய மகன் ரிசாந்துக்குப் பெண் பார்க்க ஓஸ்லோவுக்குள்ளேயே ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து அம்மருட்டுக்கு வந்தவர், பெண்ணைப் பார்த்த நேரத்தைவிடப் பேசிய நேரமே அதிகம்.

"இந்த நாட்டு மறியலிலை, ஜெயிலுக்குள்ளை இருக்கிற ஆக்களிலை நாலிலை ஒண்டு வெளிநாட்டுக்காரன், தங்கச்சி. பேப்பரிலை அட்டவணை போட்டே காட்டியிருக்கிறாங்கள். ஆனால் அதுக்குள்ளை எங்கடை பெடியன் ஒருத்தனைக் காட்டட்டும் பாப்பம்! வெள்ளையளுக்கு முன்னாலை நான் நெஞ்சை நிமித்திச் சொல்லுறது இதைத்தான். எங்கடை வளர்ப்பு அப்பிடி."

"ஓம் அண்ணை, வளர்ப்புத்தான்," என்று அம்மா தலையாட்டினார். "என்ரை மூத்தவன் கிருஷிகன் கனடாவிலை என்ஜினியர்," என்று இரத்தினவேல் தொடங்கியபோதுதான் கதவு அடிபட்டது.

வாசலில் சீருடையில் இரண்டு பொலிஸ்காரர்கள். நோர்வேஜிய மொழியில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அபிராம் இங்கேதானே வசிக்கிறார்? அவரோடு பேச வேண்டும், வீட்டில் இருக்கிறாரா?

அம்மா திரும்பிப் பார்த்தார். சோபாவிலிருந்து இரண்டு கழுத்துகள் வாசலை நோக்கி நீண்டிருந்தன.

"அவன் லண்டனில் இருக்கிறான்," என்றார் அம்மா.

சாருகாவின் தம்பி அபிராம் லண்டனில் இல்லை. ஒன்பது மாடிக்குக் கீழே, நிலவறையில், பழைய பனிச்சறுக்குச் சப்பாத்துகளும் குளிர்கால டயர்களும் அடுக்கிவைத்த சாமான் அறைக்குள், ஒரு தட்டு வடையோடு இருந்தான்.

ஒளித்து வைத்தது அம்மாதான். முதல் நாள் மாலை குரோருட் ரயில் மேடையில் அபிராமும் அவன் கூட்டாளி மார்க்கஸும் யாரோ மூன்று பேரோடு கைகலந்திருந்தார்கள். அதில் ஒருவன் விழுந்து தாடை உடைந்துபோனது தம்பிக்கு அப்போது தெரியாது. தன் கண் நாவற்பழமாய் வீங்கியது மட்டும் தெரியும். "இந்த மூஞ்சையை அவை கண்டால் அக்காவின்ரை சம்பந்தம் அண்டைக்கே முறிஞ்சிடும். வந்த ஆக்கள் போகுமட்டும் கீழை இரு," என்று அம்மா அவனை அனுப்பிவைத்தார். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும், "தம்பியைக் காணேல்லை?" என்று புஷ்பமலர் கேட்க, "அவன் மாமா மகளின்ரை கலியாணத்துக்கு லண்டனுக்குப் போட்டான்" என்றும் சொல்லிவிட்டார். கலியாணம் உண்மை. பயணச்சீட்டும் உண்மை. ஆனால் பயணம் அடுத்த வாரம்.

இப்போது பொலிஸுக்கு வேறு பதில் சொன்னால் சோபாவுக்கு என்ன பதில் சொல்வது? அம்மா அதே லண்டனைத் திரும்பச் சொன்னார்.

பொலிஸ்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டு மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினார்கள். மின்தூக்கி வந்தது. கதவு திறந்தது. உள்ளே, வீங்கிய கண்ணும் வெறும் தட்டுமாக, வடை முடிந்துபோன அபிராம் நின்றான்.

"லண்டனிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டீர்கள்," என்றார் மூத்த பொலிஸ்காரர்.

திறந்திருந்த வீட்டுக் கதவு வழியாக எல்லோரும் பார்த்தார்கள். இரத்தினவேல் வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். "நாங்கள் வெளிக்கிடுறம்," என்றார். அன்றுதான் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

*

நீதிமன்றம் அபிராமை இரண்டு வாரம் விசாரணைக் காவலில் வைத்தது. மார்க்கஸ் அன்று இரவே வீட்டுக்குப் போய்விட்டான்.

"ஒரே சண்டை. ஒரே குற்றச்சாட்டு. தம்பி ஒருவனைத் தள்ளினேன் என்று ஒத்துக்கொண்டான். மார்க்கஸும் ஒருவனை அடித்தேன் என்று ஒத்துக்கொண்டான். பிறகு ஏன் ஒருவன் மட்டும் உள்ளே?" சாருகா வழக்கறிஞர் கரோலினாவின் மேசை முன்னால் உட்காராமலே கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் அவளுக்கு நித்திரை வராது.

கரோலினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய மூக்குக்கண்ணாடி. எதையும் சுற்றிவளைக்கமாட்டார்.

"மார்க்கஸின் வீட்டுக்கும் பொலிஸ் போனது. அவன் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? 'தூங்குகிறான், எழுப்புகிறேன்.' உங்கள் அம்மா என்ன சொன்னார்?"

சாருகா உட்கார்ந்தாள்.

"இப்படியான வழக்கில் நீதிமன்றம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வெளியே விட்டால் ஓடிவிடுவானா? மார்க்கஸுக்கு ஓட வேண்டுமென்றால் மலையில் ஒரு மரக்குடில் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு லண்டன், பாரிஸ், டொரொன்டோ, யாழ்ப்பாணம். எல்லா இடத்திலும் ஒரு மாமா. கையில் பயணச்சீட்டு. தாய் பொலிஸுக்குப் பொய் சொன்னார். பையன் நிலவறையில் ஒளிந்திருந்தான். நான் அரசுத் தரப்பில் இருந்தாலும் இதைத்தான் வாசித்திருப்பேன்."

"அவன் பிறந்தது ஓஸ்லோவில்! நோர்வே குடியுரிமை!"

"தெரியும். சிறைக் கணக்கைப் பார்த்து, வெளியிலிருந்து வந்தவர்கள்தான் கூடக் குற்றம் செய்கிறார்கள் என்று பேசுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஒரே குற்றத்துக்கு யார் வீட்டிலிருந்து காத்திருக்கிறார்கள், யார் உள்ளே இருந்து காத்திருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள் போய்ச் சேருகிறது. அதை ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை." கரோலினா கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கிழமை அடுத்த அமர்வு. இன்னும் நான்கு வாரம் கேட்கப் போகிறார்கள். கொடுத்துவிட்டால் மின்னிணைப்பாளர் பரீட்சை அவனுக்குப் போய்விடும். அவன் வேலை பழகும் கம்பனி அவனுக்காகக் காத்திருக்காது."

"என்ன செய்தால் விடுவார்கள்?"

"அந்த லண்டன் பொலிஸுக்காகச் சொன்ன பொய் இல்லை, விருந்தினருக்காகச் சொன்ன பொய் என்று காட்ட வேண்டும். உங்கள் அம்மா சொன்னால் மட்டும் போதாது. மகனை வெளியே எடுக்கத் தாய் எதையும் சொல்வாள் என்பார்கள். பொலிஸ் கதவைத் தட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டவர்கள் வேண்டும்."

அப்படிக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

*

ஹவுகன்ஸ்டுவாவில் இரத்தினவேலின் வீட்டு வரவேற்பறையில் சங்கத்தின் கேடயங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. மற்றச் சுவரில் கோட்டுப் போட்ட ஒருவரின் பெரிய படம். கனடா என்ஜினியர் கிருஷிகன்.

"சாட்சியோ? நானோ?" இரத்தினவேல் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். "பிள்ளை, என்னைக் கோட்டிலை கண்டதெண்டு பின்னேரத்துக்குள்ளை முழு ஓஸ்லோவும் கதைக்கும். சங்கத்தின்ரை பேர் என்னாகும்?"

"உண்மையைத்தானே அங்கிள் சொல்லக் கேக்கிறன். அம்மா உங்களுக்குத்தான் முதல் சொன்னவ. அதை மட்டும் சொல்லுங்கோ."

"ரண்டு கிழமை போட்டுது. இன்னும் நாலு கிழமைதானே? பேசாமல் இருங்கோ. லண்டனிலை நிண்டிட்டு வந்தவன் எண்டு சொல்லிச் சமாளிக்கலாம். ஒரு குடும்பத்தாலை முழுச் சமூகத்துக்கும் கெட்ட பேர் வரக்கூடாது. இவ்வளவு காலமும் அந்தக் கணக்கிலை எங்கடை ஆக்கள் இல்லை எண்டு..."

"எந்தக் கணக்கு அங்கிள்?"

"பேப்பரிலை வந்ததுதான்."

"அதை நானும் பாத்தனான். அது குடியுரிமையை வைச்சுப் போட்ட கணக்கு. நோர்வே பாஸ்போட் வைச்சிருக்கிற தமிழ்ப் பெடியன் உள்ளை போனால் அதிலை அவன் நோர்வேக்காரன். தமிழன் எண்டு அங்கை ஒரு பெட்டியே இல்லை. இல்லாத பெட்டியைத் திறந்து பாத்திட்டு, உள்ளை ஒருத்தரும் இல்லை எண்டு மேடையிலை சொல்லுறியள்."

இரத்தினவேலின் முகம் கறுத்தது. "நீர் ரீச்சர்தான். எனக்குப் படிப்பிக்க வரவேண்டாம்."

"படிப்பிக்க வரேல்லை. கேக்க வந்தனான். கேட்டிட்டன்." சாருகா மேலங்கியை எடுத்தாள். "இன்னொண்டும் சொல்லிப்போட்டுப் போறன். ரிசாந்தின்ரை சம்பந்தத்தை நீங்கள் முறிக்கத் தேவையில்லை. நானே முறிக்கிறன். என்ரை தம்பியை நிலவறையிலை ஒளிச்சு வைச்சுக் கொண்டு கட்டுற கலியாணம் எனக்கு வேண்டாம்."

"வாயைப் பார் வாயை!" என்றார் இரத்தினவேல் சுவரில் இருந்த கேடயங்களிடம்.

வாசலில் சப்பாத்து மாட்டும்போது புஷ்பமலர் பின்னால் வந்து நின்றார்.

"தம்பிக்கு உடுப்புக் கொண்டு போறனீங்களோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி. நாளைக்கு."

"தலைமூடி வைச்ச சுவெற்றர் கொண்டு போகாதை. உள்ளுக்கை எடுக்க மாட்டினம்."

சாருகா கோபத்தில் இருந்தாள். சரி அன்ரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அபிராமுக்குப் பிடித்தது அந்தச் சாம்பல்நிறச் சுவெற்றர்தான் என்று அதையே கொண்டுபோனாள். சிறை வாசலில் இருந்த காவலர் தலைமூடியைத் தூக்கிக் காட்டி, இது அனுமதி இல்லை என்று மடித்துத் திருப்பித் தந்தார். அதைப் பையில் வைக்கும்போதுதான் புஷ்பமலர் அன்ரி சொன்னது சாருகாவுக்கு ஞாபகம் வந்தது.

*

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவும் மகளும் குரோருட்டில் தமிழ்க்கடைக்குப் போனார்கள். முருங்கைக்காய் வந்திருந்த நாள். கடை முட்டச் சனம். காசாளருக்குப் பக்கத்தில் நின்ற அனஸ்ரேசியா, அம்மாவோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"என்ன குமாரியக்கா, மகன் லண்டனிலை சுகமோ? கலியாணமும் முடிஞ்சுது. இன்னும் வரேல்லைப் போலை?"

கேட்ட விதத்திலேயே தெரிந்தது, விஷயம் தெரிந்துதான் கேட்கிறார். அரிசி மூட்டைக்குப் பின்னால் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் மிளகாய்த்தூள் பக்கற்றை மிகக் கவனமாக வாசித்தார்.

சாருகா அம்மாவின் கையைப் பிடித்தாள். போவோம் என்கிற பிடி. அம்மா கையை உதறினார்.

"லண்டனிலை இல்லை, அனஸ்ரேசியா. மறியலிலை."

அனஸ்ரேசியா தன் கூடையைத் தரையில் வைத்தார்.

"ரயில் மேடையிலை சண்டை பிடிச்சவன். ஒருத்தனைத் தள்ளினவன். அதுக்குரிய தண்டனையை நீதவான் குடுக்கட்டும், வாங்கட்டும். ஆனால் அவன் இப்ப உள்ளை இருக்கிறது தள்ளினதாலை இல்லை. நான் லண்டன் எண்டு பொய் சொன்னதாலை. ஏன் சொன்னன்? நீங்கள் இப்பிடிக் கேப்பியள் எண்டுதான் சொன்னனான்." அம்மா முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தார். "வேறை ஆருக்கும் ஏதும் கேக்கோணுமோ? இப்ப கேளுங்கோ. நாளைக்குக் காலமை எனக்குக் கோட்டிலை வேலை இருக்கு."

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"கூடக் கதைச்சுப்போட்டனோ, சாரு?"

"காணாது அம்மா. இன்னும் கொஞ்சம் கதைச்சிருக்கலாம்."

அம்மா சிரித்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு.

*

வெள்ளிக்கிழமை. நீதிமன்ற அறை சாருகா நினைத்ததைவிடச் சின்னது. அவள் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். அபிராம் கரோலினாவின் பக்கத்தில் இருந்தான். கண் வீக்கம் வற்றி மஞ்சளாகியிருந்தது. அக்காவைக் கண்டதும் புருவத்தை ஒருமுறை உயர்த்திக் காட்டினான். சின்ன வயதில் களவெடுத்து அகப்பட்டால் காட்டுகிற அதே புருவம்.

அம்மா மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழில் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. வீங்கிய கண், பெண் பார்க்க வந்தவர்கள், நிலவறை, வடை. வடை என்று வந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தடுமாறி, பருப்பில் செய்த பணியாரம் என்றார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். இளம் பெண். குரலில் பகை இல்லை.

"ஒரு தாயின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விளக்கம் இரண்டு வாரத்துக்குப் பிறகு வருகிறது. பொலிஸ் தேடி வந்தபோது பையன் நிலவறையில் இருந்தான். கையில் லண்டன் பயணச்சீட்டு. தாய் நாட்டில் இல்லை என்றார். திருமணப் பேச்சுக்கு வந்த விருந்தினர் என்கிறார்கள். அந்த விருந்தினர் எங்கே?"

கரோலினா சாருகாவைப் பார்த்தார். சாருகா தலை குனியவில்லை. எழுந்து நின்று, நானே சொல்கிறேன் என்று வாயெடுத்தாள். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அப்போது பின்கதவு திறந்தது.

கழுத்துப்பட்டி கட்டி, சங்க விழாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டோடு, இரத்தினவேல் நின்றார். பின்னால் புஷ்பமலர். கணவனின் முதுகில் ஒரு கையை வைத்திருந்தார். தாங்கிப் பிடிக்கிறாரா, தள்ளுகிறாரா என்று சொல்ல முடியாது.

"அந்த விருந்தினர் நான்தான்," என்றார் நோர்வேஜிய மொழியில்.

நீதிபதி நரைத்த குறுமுடி வைத்த பெண்மணி. இப்படியான அமர்வில் சாட்சி கேட்பது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் கேட்போம் என்றார். இரத்தினவேல் முன்னால் வந்து உறுதிமொழி எடுத்தார். நல்ல நோர்வேஜிய மொழி. முப்பது வருடத் தபால் நிலைய வேலையில் தேய்ந்து பழகிய மொழி. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் மகனைப் பற்றித் தன் மனைவி கேட்டார் என்றார். லண்டன் போயிருக்கிறான் என்று அந்தத் தாய் சொன்னார் என்றார். பொலிஸ் கதவைத் தட்டியது அதற்குப் பிறகு, நன்றாகப் பிறகு, இடையில் தான் நிறையப் பேசியதாகவும் சொன்னார்.

"அப்படியென்றால் அந்தப் பொய் உங்களுக்காகச் சொல்லப்பட்டது?" நீதிபதி கேட்டார்.

"ஆம்."

அரசுத் தரப்பு வழக்கறிஞர் பேனாவை உருட்டினார். "மன்னிக்க வேண்டும். எனக்கு இது விளங்கவில்லை. ஒரு இளைஞனுக்குக் கண் வீங்கியிருக்கிறது. அவ்வளவுதான். அதற்காக ஒரு தாய், வீட்டுக்கு வந்த விருந்தினரிடம், மகன் வேறு நாட்டில் என்று சொல்வாரா? யார் அப்படிச் செய்வார்கள்?"

இரத்தினவேல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, இதைத் தமிழில் சொல்கிறேன் என்று சைகை காட்டினார். பிறகு திரும்பினார். நீதிபதியின் பக்கம் அல்ல. சாருகாவின் அம்மா இருந்த பக்கம். மேடையும் ஒலிவாங்கியும் இல்லாத ஒரு குரலில் சொன்னார்.

"நான் செய்தனான், தங்கச்சி. என்ரை மூத்தவன் கிருஷிகன் கனடாவிலை இல்லை; இந்த நாட்டு மறியலிலைதான் மூண்டு வருசமாய் இருக்கிறான்."